அடிக்கடி பயணம் செய்வோரும் ஊரடங்குக் கால உடல் எடையும்

“ஊர் ஊராக அலைந்து, கிடைத்ததை உண்டு, கண்ட நேரத்தில் உறங்கியதால்தான் உடல் பருத்தது என்று எண்ணியிருந்தோம். ஊரடங்கில் மாதக் கணக்கில் வீட்டை விட்டு நகரவில்லை. மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடுதான். அப்படியிருந்தும் எடை கூடியது ஏன்?”

பணியின் பொருட்டு மாதத்தில் பல இரவுகளை வெளியூரில் கழிப்பவர்களும் அவர்களுடைய வாழ்க்கைத் துணைவர்களும் எழுப்பும் கேள்வி இது. மருந்து விற்பனைப் பிரதிநிதிகள், ஜவுளி வணிகர்கள், தணிக்கையாளர்கள், வாரந்தோறும் விமானம் ஏறிய மென்பொருள் பணியாளர்கள் எனப் பலரும் இதில் அடங்குவர். பெருந்தொற்று கடந்து ஆண்டுகள் சில ஆகிவிட்டன என்றாலும் கேள்வி பழையதாகிவிடவில்லை. அக்காலத்தில் ஏறிய எடை பலரிடம் இன்னும் இறங்கவில்லை. அக்காலத்தில் மாற்றப்பட்ட மாத்திரை அளவு சிலரிடம் இன்னும் அப்படியே தொடர்கிறது. இவ்விரண்டில் பின்னதே அதிகக் கவலைக்குரியது என்பது எங்கள் கருத்து. அதற்கான காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

2020 மார்ச் 22 அன்று நாடெங்கும் பயணிகள் ரயில்கள் நிறுத்தப்பட்டன. மார்ச் 25 முதல் உள்நாட்டு விமானங்களும் நின்றன. விமானங்கள் மே 25 அன்று மீண்டும் பறக்கத் தொடங்கின. தமிழ்நாட்டில் மாவட்டம் விட்டு மாவட்டம் செல்லும் பேருந்துகள் செப்டம்பர் 7 வரை காத்திருந்தன. ஆகஸ்ட் இறுதி வரை அடுத்த மாவட்டத்திற்குச் செல்லப் பெரும்பாலும் இ-பாஸ் தேவைப்பட்டது. வழக்கமான பன்னாட்டு விமானச் சேவை 2022 மார்ச் 27 அன்றுதான் திரும்பியது. பயணமே தொழிலாகக் கொண்டவர்களின் வாழ்வில் இத்தகைய இடைவெளி முன்னெப்போதும் ஏற்பட்டதில்லை. (சரக்கு லாரி ஓட்டுநர்களுக்கு அந்த ஓய்வும் வாய்க்கவில்லை. அவர்கள் ஓடிக்கொண்டேயிருந்தார்கள், வழியோர உணவகங்கள்தாம் மூடப்பட்டிருந்தன.)

அடிக்கடி பயணம் செய்வது உடலுக்குக் கேடு என்னும் எண்ணத்திற்கு ஆதாரம் இல்லாமலில்லை. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 13,000 பணியாளர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2011 இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மாதத்தில் இருபது இரவுகளுக்கு மேல் வெளியூரில் தங்குவோர், ஒன்று முதல் ஆறு இரவுகள் மட்டுமே தங்குவோரைவிட உடற்பருமன் உடையவர்களாக இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. அவ்வறிக்கையில் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்றும் உண்டு. பயணமே செய்யாதவர்கள், குறைவாகப் பயணம் செய்தவர்களைவிடத் தங்கள் உடல்நலத்தைத் தாழ்வாகவே மதிப்பிட்டார்கள். நோயுற்றவர்கள் பயணத்தைத் தவிர்ப்பார்கள் என்பது இதற்கு ஒரு காரணமாகலாம். ஆயினும், பயணத்தை நிறுத்திவிட்டால் உடல் தானாகவே சீர்பட்டுவிடும் என்று எதிர்பார்ப்பதற்கு இல்லை என்பதை இது உணர்த்துகிறது.

பயணம் என்பது ஒற்றைப் பழக்கமன்று. எண்ணெயும் உப்பும் மிகுந்த உணவு, பாதி உறக்கம், நீண்ட நேரம் உட்கார்ந்திருத்தல் ஆகியவை அதில் உண்டு. அவற்றோடு, யாரும் உடற்பயிற்சி என்று கணக்கில் கொள்ளாத நடையும் உண்டு. மதுரையிலிருந்து இரவு ரயிலில் வந்து எழும்பூரில் இறங்குபவர் நடைமேடை நெடுகப் பையைச் சுமந்து நடக்கிறார். மேம்பாலப் படி ஏறி இறங்குகிறார். பகலெல்லாம் கடை கடையாகவோ, மருத்துவமனை மருத்துவமனையாகவோ ஏறி இறங்குகிறார். ஊரடங்கு இவை அனைத்தையும் ஒரே நாளில் எடுத்துக்கொண்டது. தீயது போனபோது நல்லதும் உடன் போயிற்று.

போன நடை எவ்வளவு என்பதற்கு ஓர் அளவு கிடைத்திருக்கிறது. 187 நாடுகளைச் சேர்ந்த நான்கரை லட்சத்திற்கும் மேற்பட்டோரின் கைப்பேசிச் செயலியில் பதிவான காலடிகளைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020 இல் கணக்கிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் மார்ச் 11 அன்று பெருந்தொற்று என அறிவித்த முப்பது நாள்களுக்குள், நாளொன்றுக்கு ஒருவர் நடக்கும் அளவு சராசரியாக 27 விழுக்காடு குறைந்தது. அதாவது சுமார் 1,400 காலடிகள். இது எல்லா வகை மக்களுக்குமான சராசரி. வேலையே நடையாக இருந்தவர்களுக்கு இழப்பு இதனினும் மிகுதியாக இருந்திருக்கும் என்று கொள்வது தவறாகாது.

இனி உணவு. வெளியூர்ச் சாப்பாட்டில் குறைகள் பல இருந்தாலும், அதற்கு ஓர் எல்லை உண்டு. உணவகத்தில் இலை போட்டு உண்டு எழுந்தால், அடுத்த வேளை வரை கைக்கெட்டும் தொலைவில் தின்பண்டம் இராது. வீட்டிலோ சமையலறை எந்நேரமும் திறந்திருக்கிறது. ஊரடங்கில் பிள்ளைகளும் வீட்டிலிருந்தார்கள். மாலைதோறும் ஏதேனும் ஒரு பலகாரம் செய்யப்பட்டது. செய்து கொடுத்தவரைக் குறை கூறுவதற்கில்லை. அஞ்சிக்கிடந்த அந்நாள்களில் வீட்டுக்குள் கிடைத்த சிறு மகிழ்ச்சி அதுவாகத்தான் இருந்தது. கணக்கை மட்டும் பார்ப்போம். ஒரு கிலோ உடற்கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. சர்க்கரை சேர்த்த ஒரு கோப்பைத் தேநீரும் இரண்டு மூன்று முறுக்கும் 150 கலோரிக்குக் குறையா. நாள்தோறும் இது கூடுதலாகச் சேர்ந்து, நடையும் குறையுமானால், இரண்டு மாதத்தில் ஒரு கிலோ ஏறுவதற்குப் பெருந்தீனி எதுவும் தேவையில்லை.

அமெரிக்காவில் 269 பேருடைய வீட்டு எடைக்கருவிகளின் பதிவுகளைக் கொண்டு நடத்தப்பட்ட சிறு ஆய்வொன்று, வீட்டில் அடங்கியிருந்த காலத்தில் பத்து நாளுக்கு 0.27 கிலோ வீதம் எடை ஏறியதாகத் தெரிவித்தது. அந்நாட்டு உளவியல் சங்கத்தின் 2021 ஆம் ஆண்டுக் கருத்தாய்வில், தாங்கள் விரும்பாமலேயே எடை கூடியதாக 42 விழுக்காட்டினர் கூறினார்கள். 18 விழுக்காட்டினரோ விரும்பாமலேயே எடை குறைந்ததாகக் கூறினார்கள். கருத்தாய்வு என்பது அவரவர் வாய்மொழி; அதனை எடைக்கருவியின் பதிவோடு சமமாக வைத்தல் ஆகாது. எனினும் இரண்டாவது எண்ணிக்கையை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இங்குக் குறிப்பிடுகிறோம்.

ஏனெனில் எடை குறைவது எப்போதும் நற்செய்தியன்று. “அலைச்சல் நின்றது, உடம்பு இளைத்துவிட்டது” என்று மகிழ்ந்தவர்களுள், கட்டுப்பாட்டை இழந்த சர்க்கரையால் இளைத்தவர்களும் உண்டு. கொரோனாத் தொற்றுக்கு ஆளானோர் சிலருக்கு, சிகிச்சைக்கு இன்றியமையாத ஸ்டீராய்டு மருந்தினால் சர்க்கரை உயர்ந்தது. படுக்கையில் கிடந்த வாரங்களில் தசை கரைந்தது. முயற்சி எதுவுமின்றி ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தால், அதாவது 70 கிலோ எடையுள்ளவர் மூன்றரைக் கிலோ இழந்தால், காரணத்தைக் கண்டறிந்தே ஆக வேண்டும். பெருந்தொற்றுக் காலத்திற்கு மட்டும் உரிய விதியன்று இது.

ஊரடங்கினால் நன்மை அடைந்தவர்களும் இருக்கிறார்கள். இரவுப் பேருந்துகளில் விழித்துக் கிடந்தவர்கள் வீட்டில் உறங்கினார்கள். உறக்கம் குறைந்தால் பசி மிகும் என்பது ஆய்வில் தெளிந்த உண்மை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2004 இல் நடந்த ஒரு சோதனையில், இரண்டே இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் உறங்க அனுமதிக்கப்பட்ட இளைஞர்களுக்குப் பசியைத் தூண்டும் சுரப்பு உயர்ந்தது. நிறைவை உணர்த்தும் சுரப்பு குறைந்தது. வாடிக்கையாளர்களோடு அருந்தும் மதுவும், விடுதி உணவின் உப்பும் நின்றபோது சிலருக்கு இரத்த அழுத்தமும் தணிந்தது. மருத்துவர் மாத்திரையைக் குறைத்தார். அன்றைய நிலைக்கு அது சரியான முடிவே.

மீண்டும் பயணம் தொடங்கியபோது நேர்ந்ததே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

வீட்டிலிருந்த ஒருவருக்கு மருந்தின் அளவு, வீட்டிலிருந்த வாழ்க்கைக்கு ஏற்ப வகுக்கப்பட்டது. காலை எட்டு மணிக்குச் சிற்றுண்டி, ஒரு மணிக்கு மதிய உணவு, நடை குறைவு, எடை கூடுதல். அந்நிலையில் சர்க்கரை உயர்ந்ததால் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ, இன்சுலினோ கூட்டப்பட்டிருக்கலாம். அதே அளவை உட்கொண்டு அவர் அதிகாலை விமானத்திற்குப் புறப்படுகிறார். மாத்திரை ஆறு மணிக்கு. உணவு பத்தரை மணிக்கு. இடையில் பையோடு ஓட்டம். சர்க்கரை தாழ்நிலைக்குச் சரிய இது போதும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பார்வை மங்குதல், பொருத்தமற்ற பேச்சு ஆகியவை அதன் அடையாளங்கள். உடன் இருப்போர் இதனைக் களைப்பென்றோ, சில வேளைகளில் மது அருந்தியிருக்கிறாரென்றோ பிழையாக எண்ணிவிடுகிறார்கள். அவர் வாகனம் ஓட்டுபவராக இருந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்வோருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. உங்கள் மாத்திரை எவ்வகையைச் சேர்ந்தது என்பதை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ ஒருமுறை கேட்டு, மருந்துச் சீட்டின் மேலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

அடையாளம் தோன்றியதும் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்தோ, குளுக்கோஸ் பொடியாகவோ கொடுக்கலாம். பதினைந்து நிமிடத்தில் தெளியவில்லையெனில் மீண்டும் ஒருமுறை கொடுத்து, பின்னர் உணவும் தர வேண்டும். நினைவிழந்தவருக்கு வாயில் எதனையும் ஊற்றலாகாது; உடனே 108 ஐ அழைக்க வேண்டும்.

இரத்த அழுத்தத்தில் நிகழ்வது இதற்கு நேர் எதிரானது, ஓசையின்றி நிகழ்வது. வீட்டிலிருந்தபோது குறைக்கப்பட்ட மாத்திரை, பயணம் தொடங்கிய பின்னும் குறைந்த அளவிலேயே நீடிக்கிறது. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அப்பளமும் ஊறுகாயும் சேர்ந்த உணவக உணவில் பெரும்பகுதி ஒரே வேளையில் வந்துவிடும். அழுத்தம் ஏறுகிறது; தலைவலி கூட இருப்பதில்லை.

இன்னொரு பழக்கத்தையும் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. நீர் மாத்திரை உட்கொள்பவர்கள் பேருந்துப் பயண நாளில் அதனைத் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். பெண்கள் பலர் நீர் அருந்துவதையே நிறுத்திவிடுகிறார்கள். வழியில் தூய்மையான கழிப்பறை இல்லாத நாட்டில் இதனை அறியாமை என்று கடிந்துகொள்வது நேர்மையாகாது. ஆனால், மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பலருக்கு மாத்திரையின் நேரத்தை மாற்றித் தர இயலும். இதயச் செயலிழப்பு உள்ளோருக்கோ ஓரிரு நாள் விடுபட்டாலே காலும் நுரையீரலும் நீர் கோக்கும்.

எடை கூடிய நிலையில் நெடுந்தொலைவுப் பயணத்திற்குத் திரும்புவோர்க்குக் காலில் இரத்தம் உறைதலைப் பற்றியும் ஒரு சொல். நான்கு மணி நேரத்திற்கு மேல் அசையாது அமர்ந்து பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது. உடற்பருமன் அதனை மேலும் உயர்த்துகிறது. எனினும் தனியொருவருக்கு உள்ள வாய்ப்பு சிறிதே: ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவர். இதில் வாகனத்தைவிட அசையாது அமர்ந்திருப்பதற்கே முதன்மைப் பங்கு. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு அஞ்சி லண்டன் மக்கள் பதுங்கிடங்களில் இரவெல்லாம் நாற்காலியில் அமர்ந்திருந்தபோது இவ்வாறே இரத்தக்கட்டி நுரையீரலை அடைத்து இறந்தவர்களைப் பற்றி 1940 இலேயே மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. வீட்டிலிருந்து பணிபுரிவோரின் நாற்காலியும் இதற்கு விலக்கன்று. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், அல்லது பயணத்திற்குப் பின் திடீரென மூச்சு வாங்கினால், மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

எடையை எவ்வாறு கண்காணிப்பது என்று பலர் வினவுகிறார்கள். வாரம் ஒருமுறை, காலையில் கழிப்பறை சென்று வந்தபின், உண்பதற்கு முன், ஒரே கருவியில் பாருங்கள். பயணத்தால் வாரம் தவறினால் இடுப்புச் சுற்றளவை அளக்கலாம். பெட்டிக்குள் ஓர் அளவுநாடா இடம் பிடிப்பதில்லை. இந்தியர்க்கு ஆண்களில் 90, பெண்களில் 80 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவு எச்சரிக்கையாகும். உடல் எடைக் குறியீட்டெண் 23 ஐத் தொட்டாலே நமக்கு அது மிகை எடை. மேலை நாட்டவர்க்கு வகுத்த 25 என்னும் எல்லையைப் பார்த்து நிம்மதி கொள்ள வேண்டாம்.

அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது மருந்துச் சீட்டோடு, கடந்த ஒரு மாதத்தில் எத்தனை இரவுகள் வெளியூரில் தங்கினீர்கள், அந்நாள்களில் எத்தனை மணிக்கு உண்டீர்கள், எந்தெந்த வேளை மாத்திரை விடுபட்டது என்பவற்றை ஒரு தாளில் எழுதி வாருங்கள். எழுத நேரமில்லாதவர் பயணச்சீட்டுகளையே கொண்டுவரலாம். கைப்பேசியில் இருந்தாலும் போதும். உடன் வரும் குடும்பத்தினர் அவர் இரவில் எத்தனை மணிக்கு உறங்குகிறார், குறட்டை மிகுந்திருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். அதனை அவரால் சொல்ல இயலாது.