பார்ட் மாற்றிய மறுநாள்

“நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சுண்ணா. புதுசா இதை மாட்டினதுல இருந்துதான் இப்படிப் பண்ணுது.” விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ கணினி சர்வீஸ் கடையில் சற்று நேரம் நின்றால் இந்தப் புகார் காதில் விழும். தொண்ணூறுகளின் கடைசியில் மாட்டியது மோடம் கார்டு. இன்று எஸ்எஸ்டி. புகார் அப்படியே இருக்கிறது. கோளாறு குடியிருக்கும் இடம்தான் மாறிவிட்டது.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. பெருநகரங்களுக்குப் பின்னால் மெல்ல நம் பக்கமும் டயல்-அப் வந்து சேர்ந்தது. கேபினெட்டைத் திறந்து மோடம் கார்டைச் செருகுவார்கள். டயல் ஆகும் சத்தம் கேட்டதும் மவுஸ் அசையாமல் நின்றுவிடும். இணைப்பைத் துண்டித்தால் மறுபடி ஓடும். வீட்டுக்காரருக்குப் பேய் வேலை மாதிரி தெரியும். மவுஸ் இருப்பது காம்-1 போர்ட்டில். மோடத்தைக் காம்-3 என்று வைத்திருப்பார்கள். இரண்டுமே பிராசஸரைக் கூப்பிட ஐஆர்க்யூ 4 என்ற ஒரே வழியைத்தான் பிடிக்கும். கார்டில் இருக்கும் சின்ன ஜம்பரைப் பிடுங்கி அடுத்த ஊசியில் மாட்டினால் தீர்ந்தது.

இரண்டாவது ஹார்ட் டிஸ்க் மாட்டினால் முதல் டிஸ்க்கும் காணாமல் போகும். இரண்டிலும் ஜம்பர் ‘மாஸ்டர்’ இடத்தில் இருக்கும். புது ராம் போட்டால் டிஸ்ப்ளே வராது, பீப் மட்டும் கேட்கும். கழற்றி, தங்க நிற முனைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, ‘கிளிக்’ சத்தம் வரும்வரை அழுத்திச் செருகுவார்கள். அன்றைய மெக்கானிக்கின் அறிவு விரலிலும் காதிலும் இருந்தது. அவரை நான் பெரிதும் மதிக்கிறேன். மாற்றிப் பார்க்க இன்னொரு ராம் அவர் கடையில் இருக்காது. கணினி உதிரிபாகம் விற்கும் சென்னை ரிச்சி தெருவுக்குத்தான் பஸ் ஏற வேண்டும்: திண்டிவனத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், விழுப்புரத்திலிருந்து 160. இத்தனைக்கும் பக்கத்துப் புதுச்சேரியில் எச்சிஎல், விப்ரோ, பின்னாளில் ஏசர், லெனோவா எல்லாம் தொழிற்சாலை வைத்துக் கணினி தயாரித்தவை.

கோளாறு இரும்பிலிருந்து இடம்பெயர்ந்ததை விழுப்புரம் மாவட்டம் நேரில் பார்த்தது அரசு மடிக்கணினியில்தான். 2011 செப்டம்பர் 15 அன்று இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. செஞ்சி, மயிலம், விக்கிரவாண்டி பக்கத்துக் கிராமங்களில் எத்தனையோ வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி. தமிழக அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த ஆரம்பகால மடிக்கணினிகளில் 2 ஜிபி ராம். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் ஒரு பக்கம், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இன்னொரு பக்கம். மெதுவாக ஓடுகிறதே என்று காசு சேர்த்து இன்னொரு 2 ஜிபி வாங்கிப் போட்டால், விண்டோஸ் இப்படிக் காட்டும்: மொத்தம் 4 ஜிபி, பயன்படுவது 2 ஜிபி. உடனே கடைக்காரர் மேல்தான் சந்தேகம் வரும், டூப்ளிகேட் ராமைத் தலையில் கட்டிவிட்டாரென்று. ராம் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஸ்டார்ட்டர் பதிப்பு 2 ஜிபிக்கு மேல் தொடக்கூடாது என்று மைக்ரோசாஃப்ட்டே வரம்பு கட்டியிருந்தது. அதே மடிக்கணினியை ரீஸ்டார்ட் செய்து பாஸ் லினக்ஸில் நுழைந்தால் கூடுதல் ராம் கண்ணுக்குத் தெரியும். பொருள் கெட்டிருக்கிறதா, மென்பொருள் தடுக்கிறதா என்று பிரித்தறிய இதைவிட நல்ல சோதனை கிடையாது. அது ஒவ்வொரு மாணவர் கையிலும் சும்மா கிடந்தது. ஒரு பாடவேளை ஒதுக்கிச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

இன்று ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டுவது சின்ன வேலை. உதிரிபாகம் கூரியரில் வீட்டுக்கே வந்துவிடுகிறது. புதிதாக அசெம்பிள் செய்த கணினியில் டிடிஆர்5 ராம் போட்டால் முதல் தடவை சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். மதர்போர்டு அந்த ராமோடு ஒத்துப்போகும் அளவுகளைத் தேடிக்கொண்டிருக்கிறது. பதறிப்போய் பவரை அணைத்தால் அது முதலிலிருந்து தொடங்க வேண்டும். டிஸ்ப்ளே வராவிட்டால் உடனே கழற்று என்பது அன்றைய பழக்கம். இப்போது முதலில் காத்திருக்கப் பழக வேண்டும்.

கணினிக்கு மின்சாரம் தரும் பழைய எஸ்எம்பிஎஸ் பெட்டி மட்டும் இரண்டு காலத்திலும் தப்பித்துக்கொள்கிறது. கிராபிக்ஸ் கார்டு போட்ட பிறகு கேம் திறந்தால் ரீஸ்டார்ட் ஆகிறதா? பழி புது கார்டுக்குப் போகும். பல வருட மின்வெட்டிலும் லோ வோல்டேஜிலும் தேய்ந்துபோன அந்தப் பெட்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

என்னை உண்மையிலேயே கலங்க வைப்பது பூட்டு. மதர்போர்டு மாற்றிய மறுநாள், சில சமயம் வெறும் பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகுகூட, நீலத் திரை வந்து 48 இலக்க ரிகவரி கீ கேட்கிறது. டிஸ்க்கைப் பூட்டியது விண்டோஸின் பிட்லாக்கர். அதைத் திறக்கும் சாவி கணினிக்குள் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பின் பொறுப்பில் இருக்கிறது. சுற்றியிருப்பவை மாறியதும் சிப் கையை விரிக்கிறது. திருட்டிலிருந்து காக்க வந்த ஏற்பாடு, நல்லதுதான். ஆனால் 2024-இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், ஹோம் பதிப்பில்கூட இந்தப் பூட்டு தானாக விழுந்துவிடலாம். விழுந்தது உரிமையாளருக்கே தெரியாது. சாவி அந்தக் கணக்கில் பத்திரமாக இருக்கும். கணக்கைத் திறந்தது யார்? ஓஎஸ் போட்டுக்கொடுத்த கடைத் தம்பி, அவசரத்துக்கு உருவாக்கிய ஏதோ ஒரு மின்னஞ்சலில். அதன் பாஸ்வேர்டு இன்று ஒருவருக்கும் நினைவில்லை. கல்யாணப் படங்களும் முனைவர் பட்ட ஆய்வேடும் டிஸ்க்கில் நலமாகவே இருக்கின்றன, ஆனால் எடுக்க வழி கிடையாது. ஜம்பரும் ரப்பரும் இங்கே செல்லாது.

ஸ்குரூவைக் கழற்றும் முன்பே கடைக்காரர் கேட்கட்டும்: “பிட்லாக்கர் ஆன்ல இருக்குங்களா சார், கீ வச்சிருக்கீங்களா?” கீ இல்லையென்றால் பழைய பார்ட்டோடு கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த 48 இலக்கங்களை எடுத்துத் தாளில் எழுதி, சொந்தக்காரர் கையில் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கட்டும். கணக்கும் அவருடைய சொந்த மின்னஞ்சலில், அவர் கண்முன்னே திறக்கப்படட்டும்.