மணல் அள்ளினேன் சாமி!

பொய் சொன்னேன் சாமி, ஞாயிறு பூசைக்கு வரலை சாமி, மாமியாரைத் திட்டினேன் சாமி... பாவசங்கீர்த்தனத்தில் இதெல்லாம் சகஜம். 'ராத்திரி ஆத்துல நாலு லோடு மணல் அள்ளினேன் சாமி' என்று எவராவது முழங்கால் போட்டிருப்பாரா? சந்தேகம்தான்!

திருமானூர்ப் பக்கம் போனால் இந்தச் சந்தேகம் வரும். கிட்டத்திலேயே ஏலாக்குறிச்சி, வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பேர் வைத்து அடைக்கல மாதாவைக் குடியேற்றிய ஊர். தெற்கே கொள்ளிடம். அரியலூருக்குக் குடிதண்ணீர் தரும் இந்த ஆற்றில் மணல் குவாரி வேண்டாமென்று ஜனங்கள் போராடியிருக்கிறார்கள்.

இயற்கையைக் கெடுப்பதும் பாவம்தான் என்று 2015-லேயே சுற்றுமடல் எழுதினார் போப் பிரான்சிஸ். 2025-ல் அவர் போயும் சேர்ந்துவிட்டார். நம்மூர்ப் பிரசங்கங்களில் அந்தப் பாவம் அதிகம் காதில் விழக் காணோம்.

பி.காம். புத்தி, கணக்காகத்தான் யோசிக்கிறது. ஆற்று மணல் வட்டியல்ல, முதல். வெள்ளத்தைப் பிடித்து வைத்துக் கிணறுகளுக்கு ஊறவிடுவது அதுதான். மேலே அணைகள் வந்தபின் புது மணல் வரத்தும் குறைச்சல். முதலை விற்று வரவு எழுதினால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்? 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. 1836-ல் கட்டினது, வயசாகிவிட்டது என்றார்கள். விவசாயிகள் கை காட்டியது மணல் கொள்ளையை.

லாரிக்காரர் மட்டும்தான் பாவியா? வாங்கினவர்? இனி கோயில் மண்டபத்துக்கு நன்கொடை ரசீதோடு யார் வந்தாலும், முதலில் மணல் பில்லைக் கேட்பதாக இருக்கிறேன்.