மீண்டும் பனித்தளத்துக்குப் போகும் சகோதரிகளே, பாதத்தை முதலில் பாருங்கள்!

நமது ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிரிக்கட் எப்படியோ, கனடாவில் வளரும் பிள்ளைகளுக்கு ஐஸ் ஹொக்கி அப்படி. அது ஆண்களுக்கு மட்டும் உரிய விளையாட்டு என்ற எண்ணமும் மாறி வெகுகாலமாகிவிட்டது. பெண்களுக்கான முதலாவது உலக சம்பியன்ஷிப் போட்டி 1990 இல் ஒட்டாவா நகரில் நடந்தது. 1998 இல் ஜப்பானின் நகானோவில் அது ஒலிம்பிக்கிலும் இடம்பிடித்தது. ஐக்கிய அரபு இராச்சியத்தின் அணியில் ஆடிய பாத்திமா அல் அலி என்ற சகோதரி, 2017 இல் வாஷிங்டன் நகரில் ஒரு பெரிய போட்டியின் ஆரம்ப வைபவத்தில் ஹிஜாப் அணிந்தபடியே பனித்தளத்தில் நின்று ‘பக்’ எனப்படும் ரப்பர் வட்டைப் போட்டு வைத்தார்.

பாடசாலைக் காலத்தில் ஆடிவிட்டு, திருமணம், பிள்ளைப்பேறு, வீட்டுப் பொறுப்பு என்று ஒதுங்கிப்போன பெண்கள் பத்து, பதினைந்து வருடங்களின் பின் மீண்டும் ஆட விரும்புவதுண்டு. நம் வாசகியரின் மகள்மாரும் மருமக்களும் அந்நாடுகளில் வாழ்கிறார்கள். “இந்த வயதில் இதெல்லாம் தேவையா?” என்று கேட்டு அவர்களது ஆசையை முறித்துவிடாதீர்கள்.

அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்களுடன் ஓடி முந்திக்கொண்டார்கள். காலம் சென்று அன்னையின் உடல் சதைபிடித்த பின்னர் இருவரும் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் முந்தினார்கள். அன்றைய ஓட்டத்துக்கு இது ஈடு என்றும் சொன்னார்கள். உடல் மாறியது; அதற்காக ஓட்டம் ஹராமாகிவிடவில்லை, விளையாட்டுக்குரிய மகிழ்ச்சியும் குறையவில்லை. ஆனால் உடல் மாறியிருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டே களத்தில் இறங்க வேண்டும். அந்த மாற்றத்தை முதலில் காட்டுவது பாதம்தான்.

பழைய சோடி சரிவருமா?

கர்ப்ப காலத்தில் உடலின் மூட்டுப் பிணைப்புகள் தளர்கின்றன. அதனோடு உடற்பாரமும் கூடுவதால் உள்ளங்காலின் வளைவு தாழ்ந்து, பாதம் நீண்டும் அகன்றும் போகலாம். பல பெண்களுக்குப் பிள்ளை பிறந்த பின்னும் அது பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. எனவே இருபது வயதில் அளவாக இருந்த ஸ்கேட் இன்று காலைக் கவ்விப் பிடிக்கும்.

அலுமாரியில் கிடந்த ஸ்கேட்டுக்கும் வயது போயிருக்கும். அதன் அடியில் உருக்குத் தகட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் பகுதியில் வெடிப்பு இருக்கிறதா, ஆணிகள் துருப்பிடித்து ஆடுகின்றனவா, கணுக்காற் பகுதி துவண்டுவிட்டதா என்று பாருங்கள். மேலோட்டமான துருவைத் தீட்டி எடுத்துவிடலாம். வெடிப்பும் துவட்சியும் இருந்தால் அதை வைத்துக்கொள்வது சிக்கனமல்ல, ஆபத்து.

அளவு பார்க்கும் முறை

இங்கேதான் பெண்கள் அதிகமாக ஏமாறுகிறார்கள். ஹொக்கி ஸ்கேட்டின் இலக்கங்கள் பெரும்பாலும் ஆண்களின் சப்பாத்து அளவை ஒட்டியவை. ஆண்கள் தமது சப்பாத்து இலக்கத்தில் ஒன்று அல்லது ஒன்றரை குறைத்து வாங்குவார்கள். பெண்களோ இரண்டரை, மூன்று வரை குறைக்க வேண்டியிருக்கும். இது ஒரு தொடக்கக் கணக்குத்தான். கடையில் பாதத்தின் நீளத்தையும் அகலத்தையும் அளப்பித்தே முடிவு செய்யுங்கள். பகலில் நடந்து திரிந்த பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால் மாலையில் போவது நல்லது. தடித்த மேஸ் வேண்டாம். விளையாடும்போது போடும் மெல்லிய மேஸையே போட்டுப் பாருங்கள்.

ஸ்கேட்டை அணிந்து, குதிகாலைப் பின்பக்கம் தட்டி இருத்தி, கயிற்றை இறுக்கி எழுந்து நில்லுங்கள். நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை மெதுவாகத் தொட வேண்டும். முழங்காலை மடித்தால் விரல் சற்றுப் பின்வாங்க வேண்டும். குதிகால் மேலே கிளம்பவே கூடாது. பின்னர் கயிற்றைத் தளர்த்தி, மேலிருந்து மூன்றாவது துளைகளின் குறுக்கே ஒரு பென்சிலை வையுங்கள். பென்சில் இருபக்கத் துளைகளிலும் படியாமல் பாதத்தின் மேற்பகுதியில் முட்டிக்கொண்டு நின்றால், அந்த ஸ்கேட்டின் ஆழம் உங்களுக்குப் போதாது. கால்மணி நேரமாவது அணிந்திருங்கள். எங்கும் ஒரேமாதிரி இறுக்கம் இருந்தால் நல்லது. ஒரே இடத்தில் குத்தும் வலி இருந்தால் வேறு சோடியைக் கேளுங்கள்.

விலை உயர்ந்தது சிறந்ததா?

உயர்ந்த ரகங்கள் ஆயிரம் கனடிய டொலரைத் தாண்டும். அவை வேகமாகவும் பலமாகவும் ஆடுவோருக்காக மிகவும் விறைப்பாகச் செய்யப்பட்டவை. நெடுநாள் பழக்கம் விட்டுப்போன கணுக்கால் அந்த விறைப்பில் மடியாமல் தடுமாறும். ஆக மலிவானதோ விரைவில் துவண்டு, காலை உட்பக்கம் சாயவிடும். வாரத்தில் ஒரு நாள் ஆடப்போகும் சகோதரிக்கு நடுத்தர ரகமே போதும். பெயருக்காக அதிகம் கொடுப்பது வீண்விரயம். மலிவைப் பார்த்துக் கணுக்காலைக் கெடுத்துக்கொள்வதும் அமானிதமான உடலுக்குச் செய்யும் குறை. பிறர் பாவித்த நல்ல சோடியும் வாங்கலாம், அது பிறர் பாதத்துக்கு ஏற்ப ஆழமாகப் படிந்துபோகாதிருந்தால்.

வாங்கிய பிறகு

இன்றைய ஸ்கேட்டுகளில் அநேகமானவற்றைக் கடையிலுள்ள விசேட அடுப்பில் சூடாக்கிப் பாதத்துக்கு ஏற்பப் படிய வைக்கலாம். சூட்டோடு அணிந்து, பத்துப் பதினைந்து நிமிடம் நடக்காமல் அமர்ந்திருக்க வேண்டும். ஒரு நாள் கழிந்தே பனியில் இறங்க வேண்டும். வீட்டு அடுப்பில் பரீட்சித்துப் பார்க்காதீர்கள்.

புதிய ஸ்கேட்டைத் தீட்டுவித்தே பாவிக்க வேண்டும். தகட்டின் அடியில் ஒரு சிறு குழிவு உண்டு. அது ஆழமானால் பனியைப் பற்றிப் பிடிக்கும். மேலோட்டமானால் இலகுவாக வழுக்கிச் செல்லும். அரை அங்குல ஆரம் என்பது பொதுவான அளவு. அதில் ஆரம்பித்து, தேவைப்பட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். விளையாடி முடிந்ததும் தகட்டைத் துடைத்து உலரவிட்டால் துருப்பிடிக்காது.

நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வைத்தியரின் ஆலோசனை பெற்ற பின்னரே ஸ்கேட் அணிய வேண்டும். கொப்புளம் போட்டாலும் அவர்களுக்குத் தெரியாது.

முதல் சில நாட்களுக்குப் போட்டி வேண்டாம். அரைமணி நேரம் வழுக்கி, நின்று, திரும்பிப் பழகுங்கள். இறுக்கம் ஓரிரு வாரத்தில் இளகும். அதன் பின்னும் வலித்தால் பாதத்தைக் குறை சொல்லாமல், ஸ்கேட்டைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வலிக்கின்ற இடத்தை மட்டும் விரித்துத் தரும் கருவி அவர்களிடம் இருக்கும். “எனக்கு வயதாகிவிட்டது” என்று ஒதுங்கிவிட அவசரப்படாதீர்கள்.