வசந்தத்தில் கத்தி வைக்காதீர்கள்

பின்லாந்தில் ஏப்ரல் வாக்கில் சில்வர் பிர்ச் மரத்தின் கிளை ஒன்றை வெட்டினால், வெட்டிய இடத்திலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கும். சீக்கிரம் நிற்காது. மரத்தில் அப்போது ஓர் இலைகூட இருக்காது என்பதுதான் வியப்பு.

வழக்கமாக மரத்தில் நீரை மேலே இழுப்பவை இலைகள். அவற்றிலிருந்து நீர் ஆவியாகப் போகப் போக, கீழிருந்து நீர் ஏறிக்கொண்டே இருக்கும். பிர்ச் இலைக்காகக் காத்திருப்பதில்லை. போன கோடையில் சேமித்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறிச் சாற்றில் கலக்கிறது. பனி இளகிய மண்ணிலிருந்து வேர்கள் நீரை உள்ளே வாங்குகின்றன. ஏறிய நீர் வெளியேற வழியில்லை. குழாயை மூடிவிட்டு மோட்டாரை ஓடவிட்ட கதைதான். வேரில் பிறக்கும் அழுத்தம் உச்சிவரை முட்டி நிற்கிறது; கத்தி பட்ட இடத்தில் பீறிடுகிறது.

பின்லாந்து, லாட்வியா, ரஷ்யா நாடுகளில் அடிமரத்தில் துளையிட்டு இந்தச் சாற்றைப் பிடித்துக் குடிக்கிறார்கள். சர்க்கரை நூற்றுக்கு ஒரு பங்கு அளவில்தான் இருக்கும்; ஒரு லிட்டர் பாகு வேண்டுமென்றால் சுமார் நூறு லிட்டர் காய்ச்ச வேண்டும்! இலைகள் விரிந்ததும் அழுத்தம் அடங்கிவிடும். அதனால்தான் கிளை கழிப்பதைக் கோடை முடிவுக்கோ இலையுதிர் காலத்துக்கோ தள்ளிப்போடுகிறார்கள்.

சில்வர் பிர்ச் பட்டையின் வெண்மைக்குக் காரணம் பெட்டுலின். 1788-இல் லோவிட்ஸ் என்ற வேதியியலர் பிரித்தெடுத்த இப்பொருள், பட்டையின் செல்களில் நிறைந்து ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. குளிர்கால வெயிலில் பட்டை சூடேறி, இரவில் உறைந்து வெடித்துவிடாமல் இருக்க இது உதவுகிறது. இளங்கன்று பழுப்பாகத்தான் இருக்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று நர்சரிக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், சில ஆண்டுகளில் வெளுக்கும். பாசி படிந்தால் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். தானாக உரியும் பட்டையை விரலால் இழுப்பவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது: உள்தோல் காயப்பட்டால் அந்த வடு எளிதில் மறையாது.

வேர்கள் ஆழம் போகாதவை. நட்ட முதல் இரண்டு கோடைகளில் தண்ணீர் தவறக் கூடாது.

டொராண்டோப் பக்கம் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வட அமெரிக்காவில் பிர்ச் துளைப்பான் என்ற வண்டின் புழு, வாடிய சில்வர் பிர்ச்சைப் பட்டைக்கடியில் குடைந்து கொன்றுவிடும். அங்கே ரிவர் பிர்ச் நடுங்கள். வெள்ளைப் பட்டை கிடைக்காது, மரம் நிலைக்கும்.