கிட்டார் இல்லாத மூவர்

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர் மேட்டுவெளியில் பிளேக்கி ரிட்ஜ் என்றொரு முகடு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம். கண்ணுக்கெட்டிய தூரம் புதர்க்காடு. அங்கே லயன் இன் என்ற பழைய மதுவிடுதி தனியாக நிற்கிறது. 1970களின் தொடக்கத்தில் ஒரு மூவர் குழுவைக் கேட்பதற்கென்றே ரசிகர்கள் அந்த மேட்டுக்கு ஏறி வந்தார்கள். குழுவின் பெயர் 'பேக் டோர்'.

காலின் ஹாட்ஜ்கின்சன் பேஸ் கிட்டார். ரான் ஆஸ்பெரி சாக்ஸபோன், புல்லாங்குழல். டோனி ஹிக்ஸ் டிரம்ஸ். ராக் குழு என்றால் முன்னால் நிற்க வேண்டிய லீட் கிட்டார் இல்லை. ஜாஸ் குழு என்றால் தாங்கிப் பிடிக்க வேண்டிய பியானோ இல்லை. தனியாக ஒரு பாடகரும் இல்லை. இந்த இசை விற்காது என்று இசைத்தட்டு நிறுவனங்கள் கைவிரித்தன.

அந்தக் குறையையெல்லாம் நிரப்பியவர் ஹாட்ஜ்கின்சன். பேஸ் கிட்டாரின் வழக்கமான வேலை, அடியில் இருந்துகொண்டு ஒவ்வொரு சுரமாகப் போட்டுத் தாளத்தோடு பாட்டைத் தாங்குவது. அதன் தடித்த தந்திகளைச் சேர்த்து மீட்டினால் ஒலி குழம்பிவிடும். ஆனால் அவரோ அதிலேயே பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் முழு கார்ட்களை மீட்டினார், மெட்டு வாசித்தார், பழைய புளூஸ் பாடல்களுக்குத் தானே பாடிக்கொண்டு துணையும் வாசித்தார். 'கேட்கோட் ரேக்' என்ற உருப்படியைக் கேட்டால் இரண்டு பேர் வாசிப்பதாகவே தோன்றும். அதற்கு மேலே ஆஸ்பெரியின் சாக்ஸபோன் கூர்மையாக, அவசரமாகப் பாய்கிறது. ஹிக்ஸ் இருவருக்கும் நடுவே நிறைய இடம் விட்டு அடிக்கிறார். அந்த வெற்றிடம்தான் இவர்கள் இசையின் அழகு என்பேன்.

நிறுவனங்கள் மறுத்த முதல் தட்டை, விடுதி உரிமையாளரின் ஆதரவோடு 1972இல் 'பிளேக்கி' என்ற லேபிளில் வெளியிட்டார்கள். பத்திரிகைகள் புகழ்ந்தன. லண்டனின் ரானி ஸ்காட்ஸ் கிளப்பில் மேடை கிடைத்தது. பிறகு வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் வந்து, அதே தட்டை மறுபடி வெளியிட்டது.

அடுத்த தட்டு '8த் ஸ்ட்ரீட் நைட்ஸ்' நியூயார்க்கில் பதிவானது. தயாரிப்பு, 'கிரீம்' குழுவின் தட்டுகளைத் தயாரித்த ஃபீலிக்ஸ் பப்பலார்டி. எமர்சன், லேக் அண்ட் பாமர் குழுவுக்கு முன் மேடையேறி அமெரிக்காவின் பெரிய அரங்குகளிலும் வாசித்தார்கள். பிறகு கீபோர்டு சேர்ந்தது, டிரம்மர் மாறினார். அதே எமர்சன், லேக் அண்ட் பாமர் குழுவின் கார்ல் பாமர் தயாரித்த 'ஆக்டிவேட்' 1976இல் வந்தது. சிறிது காலத்தில் குழு கலைந்தது. நிரப்பத் தேவையில்லாத இடத்தை நிரப்பப் போனதுதான் அந்தப் பிற்காலத் தட்டுகளின் பலவீனம்.

2003இல் மூவரும் மீண்டும் சேர்ந்து 'ஆஸ்கின் த வே' தட்டைப் பதிவு செய்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஆஸ்பெரி இறந்தார். 2006இல் ஹிக்ஸும் போய்விட்டார்.

இவர்களைக் கேட்க விரும்புகிறவர்கள் 1972 தட்டிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் இரண்டு, மூன்று நிமிடப் பாடல்கள்தான். பேஸ் ஒலி தெளிவாகக் கேட்கும் நல்ல ஹெட்போனில் கேளுங்கள்.