வலிப்பு நோயும் பொட்டாசிய வாயில்களும்

வேலூரிலிருந்து ஆம்பூர் செல்லும் நெடுஞ்சாலையில், பாலாற்றை ஒட்டி மாதனூர் அமைந்துள்ளது. தோல் தொழில் பரவியுள்ள இந்த வட்டாரத்தில் உப்பின் பயனை அறியாதவர் இலர். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பிட்டு வைக்கிறார்கள். அந்த உப்பு சோடியம் குளோரைடு. அதிலுள்ள சோடியத்திற்கும், அதே குடும்பத்தைச் சேர்ந்த பொட்டாசியத்திற்கும் நம் மூளையில் பெரும் பங்கு உண்டு. இவ்விரண்டின் ஒழுங்கு குலைந்தால் வலிப்பு உண்டாகலாம்.

யாருக்காவது வலிப்பு கண்டால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும், மூக்கருகே செருப்பைப் பிடிப்பதும் நம் ஊர்களில் காணும் வழக்கம். சற்று நேரத்தில் வலிப்பு நின்றுவிடும். இரும்புதான் நிறுத்தியது என்று சுற்றி நிற்பவர்கள் எண்ணுவார்கள். உண்மை அதுவன்று. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடுகின்றன. மூளையிலேயே அதற்கான தடைகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றே பொட்டாசிய வாயில்.

நரம்புத் துடிப்பு

நரம்புச் செல்லின் உள்ளே பொட்டாசியம் மிகுதி. வெளியே இருப்பதைவிட 30 மடங்குக்கும் மேல். சோடியமோ வெளியில்தான் மிகுதி. ஓய்வாக இருக்கும்போது செல்லின் உட்புறம், வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். செல்லைச் சூழ்ந்த சவ்வில் புரதத்தாலான நுண்ணிய வாயில்கள் உள்ளன. சோடிய வாயில் திறந்தால் சோடியம் உள்ளே பாய்கிறது. உட்புறம் நேர்மின் நிலையை அடைகிறது. இதுவே நரம்புத் துடிப்பு. அடுத்த கணம் பொட்டாசிய வாயில் திறக்கிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது, செல் மீண்டும் அமைதி அடைகிறது. கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் இவற்றையெல்லாம் அளந்து, ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் ஆங்கில அறிஞர்கள் 1952-ல் வெளியிட்டனர். 1963-ல் நோபல் பரிசும் பெற்றனர்.

அதே 1952-ல்தான் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி வலிப்பு நோய்க்கு மூளை அறுவை செய்தார். இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதல் அறுவை எனக் கருதப்படுகிறது. நாட்டின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையை 1949-ல் அங்கே தொடங்கியவரும் அவரே. ஆனால் அறுவை சிலருக்கே பொருந்தும். மற்றவர்களுக்கு மாத்திரையே வழி.

பொட்டாசியம் உண்டால் போதுமா?

வலிப்புக்குப் பயன் தந்த முதல் மருந்து ஒரு பொட்டாசிய உப்புதான். 1857-ல் லண்டன் மருத்துவர் சார்லஸ் லோக்காக், பொட்டாசியம் புரோமைடு பயன் தருவதைத் தெரிவித்தார். ஆனால் அதில் வேலை செய்தது புரோமைடே, பொட்டாசியம் அன்று. 1938-ல் வந்த ஃபெனிட்டாயின் சோடிய வாயில்களை அடக்கும் மருந்து. அப்படியானால் பொட்டாசியம் மிகுந்த இளநீரைப் பருகினால் வலிப்பு அடங்குமா? அடங்காது. செல்லுக்கு வெளியே பொட்டாசியம் கூடினால் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறுவது குறையும்; செல் எளிதில் கிளர்ச்சி அடையும். ஆகவே நமக்குத் தேவை கூடுதல் பொட்டாசியம் அன்று. வாயில் தக்க சமயத்தில் திறப்பதே.

1980-ல் டேவிட் பிரவுன், பால் ஆடம்ஸ் இருவரும் தவளையின் நரம்புச் செல்களில் புதுவகைப் பொட்டாசிய மின்னோட்டம் ஒன்றைக் கண்டனர். அதற்கு 'எம்' மின்னோட்டம் என்று பெயர். இதற்குரிய வாயில் மெதுவாகத் திறக்கும்; செல் கிளர்ச்சியில் இருக்கும்வரை மூடாது. மலைச்சரிவில் இறங்கும் லாரிக்குப் பிரேக் எப்படியோ, அப்படி இது செல்லுக்கு. செல் ஒருமுறை துடிக்கலாம். இடைவிடாது துடிக்க இது விடாது. பிறந்த சில நாட்களில் குழந்தைகளுக்கு வலிப்பு கண்டு, சில மாதங்களில் நின்றுவிடும் குடும்பங்கள் சில உண்டு. அக்குடும்பங்களில் இந்த வாயிலுக்குரிய மரபணுக்கள் பழுதுபட்டிருப்பது 1998-ல் தெரியவந்தது.

நீல நிறம் தந்த மருந்து

இவ்வாயிலைத் திறந்து வைக்கும் முதல் வலிப்பு மருந்து ரெட்டிகாபின். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 2011-ல் இதற்கு அனுமதி கிடைத்தது. மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத சிலருக்கு இது பயன் தந்தது. ஆனால் இதை நீண்ட நாள் உண்டவர்களில் சிலருக்கு உதடும் நகமும் தோலும் நீலம் பாய்ந்தன. கண்ணின் விழித்திரையிலும் நிறம் படிந்தது. சிறுநீர்ப்பைத் தசையிலும் இதே குடும்ப வாயில்கள் இருப்பதால், சிலருக்குச் சிறுநீர் கழிப்பதும் கடினமாயிற்று. 2017-ல் இம்மருந்து சந்தையை விட்டு நீக்கப்பட்டது.

மருந்துதான் போயிற்று, அதன் அடிப்படைக் கருத்து தவறானது அன்று. அதே வாயிலைத் திறக்கும் அஸெடுகால்னர் என்னும் மருந்தை 325 பேரிடம் சோதித்து, 2023-ல் முடிவை வெளியிட்டனர். உயர்ந்த அளவு உண்டவர்களிடம் மாத வலிப்பு எண்ணிக்கை, நடுமதிப்பில், 100-க்கு 53 வீதம் குறைந்தது. வெற்று மாத்திரை உண்டவர்களிடம் 18 வீதமே குறைந்தது. எனினும் நீல நிறத்தின் தீங்கு நாள் கழித்துத்தான் வெளிப்பட்டது என்பதை மறக்கலாகாது. ஆகவே புதிய மருந்து எதையும் பல்லாண்டு கவனித்தாக வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

வலிப்பு நோயாளிகளில் 100-க்கு 70 பேர் வரை, முறையாக மருந்து உண்டால், வலிப்பின்றி வாழ இயலும். மீதமுள்ளவர்களுக்காகவே இத்தகைய ஆராய்ச்சிகள் நடக்கின்றன. மாத்திரையைத் தாமாகத் திடீரென நிறுத்துவது ஆபத்து. இந்து திருமணச் சட்டத்தில் மணத்திற்குத் தடையாயிருந்த 'வலிப்பு' என்னும் சொல் 1999-ல் நீக்கப்பட்டுவிட்டது. மணம் பேசும் வீட்டாருக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

உங்கள் எதிரில் ஒருவருக்கு வலிப்பு கண்டால், அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கு மெத்தென்று எதையாவது வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள்; கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். சாவியைத் தேடுவதற்கு மாறாகக் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.