கப்ரா வண்டுக்கு அஞ்சும் ஆஸ்திரேலியா

2020-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவில் விற்பனையான ஒரு குளிர்சாதனப் பெட்டியின் பேக்கிங்கில் சின்னஞ்சிறு பழுப்பு வண்டுகள் இருந்தன. கங்காரு தீவில் வாங்கப்பட்ட இன்னொரு பெட்டியிலும் அவையே. இரண்டும் இறக்குமதிச் சரக்கு. பூச்சி வல்லுநர்கள் பார்த்துச் சொன்ன பெயர், கப்ரா வண்டு. கோதுமையும் அரிசியும் பருப்பும் தின்னும் பூச்சிக்குக் குளிர்சாதனப் பெட்டியில் என்ன வேலை?

பதில், பெட்டி பயணம் செய்த கன்டெய்னரில் இருக்கிறது. இன்று மின்சாதனம் ஏற்றும் கன்டெய்னர், போன வருடம் எங்கோ அரிசி மூட்டை ஏற்றியிருக்கலாம். அதன் தரை மரப்பலகை. பலகையின் இடுக்கில் சிந்திய நாலு மணி தானியம் போதும், கப்ராவின் புழுக்கள் அங்கேயே குடியிருக்கும். தானியம் தீர்ந்தாலும் சாகாது. உறக்க நிலைக்குப் போய், உணவே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். வளர்ந்த வண்டின் நீளம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். அதைவிட, உடல் முழுக்க ரோமம் முளைத்த அதன் புழுதான் சேதக்காரன். தானியத்தைத் தின்று தவிடாக்குவதோடு, உதிர்ந்த ரோமத்தையும் தோலையும் அதிலேயே விட்டுவிடும். அந்தத் தானியம் மனிதருக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது.

இந்த வண்டின் பூர்வீகம் இந்தியத் துணைக்கண்டம். நம் கிடங்குகளுக்கு அது பழைய விருந்தாளி. ஆஸ்திரேலியாவுக்கோ அது நுழையவே கூடாத எதிரி. கோதுமையை உலகெங்கும் விற்றுப் பிழைக்கும் நாடு அது. கப்ரா பரவிவிட்டது என்று தெரிந்தால் வாங்கும் நாடுகள் கதவைச் சாத்திவிடும். பரவினால் 20 ஆண்டுகளில் 1,550 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பு என்பது அந்நாட்டு அரசின் மதிப்பீடு. 2007-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் வீட்டுச் சாமான்களில் இந்த வண்டு அகப்பட்டபோது, அந்த வீட்டையே மூடிப் போர்த்தி உள்ளே விஷ வாயு செலுத்தினார்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியா 1950-களில் இதே வேலையைக் கிடங்கு கிடங்காகச் செய்தது. ஒழித்து முடிக்க 1966 ஆகிவிட்டது.

எனவேதான் 2020-க்குப் பிறகு விதிகள் படிப்படியாக இறுகின. அடிப்படைச் சட்டம் 2015-ஆம் ஆண்டின் உயிரிப் பாதுகாப்புச் சட்டம். 1908 முதல் இருந்த தனிமைப்படுத்தல் சட்டத்தின் இடத்தில் 2016 ஜூனில் அது நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் வந்துள்ள கப்ரா கட்டுப்பாட்டுப் பட்டியலைப் படித்தால் நம் வீட்டு மளிகைச் சீட்டு போலவே இருக்கும்: அரிசி, துவரை, பாசிப்பயறு, கடலை, தட்டைப்பயறு, மல்லி, சீரகம், சோம்பு, வற்றல் மிளகாய். பயணிகள் பையிலோ தபால் பார்சலிலோ இவற்றைக் கொண்டுபோகவும் அனுப்பவும் கூடாது. சிட்னியிலும் மெல்பர்னிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து பருப்பும் மிளகாயும் கட்டிக்கொண்டு போன பெற்றோர் பலருக்கு இந்தத் தடை விமான நிலையத்தில்தான் முதன்முதலாகத் தெரியவந்தது. வணிகச் சரக்காக அனுப்பலாம். ஆனால் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், கப்ராவுக்கென வகுத்த சிகிச்சையும் வேண்டும். அந்தச் சிகிச்சையைத்தான் துறைமுகத்தில் எல்லோரும் ஃபியூமிகேஷன் என்கிறார்கள்.

வாயு எப்படி வேலை செய்கிறது?

பெரும்பாலும் பயன்படுவது மெத்தில் புரோமைடு. கப்ராவுக்கு விதித்திருக்கும் அளவு: 21 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட வெப்பத்தில், ஒரு கன மீட்டருக்கு 80 கிராம், 48 மணி நேரம். ஒரு 20 அடி கன்டெய்னரின் கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். அப்படியானால் ஒரு கன்டெய்னருக்கு 2.6 கிலோவுக்கு மேல் வாயு. வேறு பல பூச்சிகளுக்கு இதில் பாதிகூடத் தேவைப்படாது. உறக்க நிலையில் கிடக்கும் கப்ரா புழு சுவாசத்தை அவ்வளவு குறைத்துக்கொள்வதால்தான் இந்தக் கூடுதல் அளவு.

சிலிண்டரில் திரவமாக இருக்கும் இந்த வாயுவைச் சுடுநீரில் மூழ்கிய சுருள் குழாய் வழியே ஆவியாக்கி உள்ளே விடுவார்கள். திரவமாகவே விட்டால் அடியில் தேங்கிச் சரக்கைக் கெடுக்கும், மேலே எட்டாது. கன்டெய்னர் கசிந்தால் தார்ப்பாய் போர்த்தி, அதன் ஓரங்களை மணல் நிரப்பிய நீளப் பைகளால் தரையோடு அழுத்துவார்கள். உள்ளே மூன்று இடங்களில் மெல்லிய குழாய்கள்: கதவோரம் அடியில், நடுவில், பின்பக்கம் உச்சியில். வெளியே இருந்தபடி அந்தக் குழாய்கள் வழியாக வாயுவின் அடர்த்தியை அளந்து பார்ப்பார்கள். தொடக்கத்தில் போட்டது எவ்வளவு என்பதைவிட, முடிவில் மிச்சம் இருப்பது எவ்வளவு என்பதே கேள்வி. குறித்த அளவுக்குக் கீழே போயிருந்தால் அந்த ஃபியூமிகேஷன் தேறவில்லை.

முடிந்தபின் காற்றாட விடுவது தனி வேலை. மெத்தில் புரோமைடுக்கு நிறமில்லை, குறைந்த அளவில் வாசனையும் இல்லை. ஆபத்து தெரியட்டும் என்று கண்ணைக் கரிக்கும் குளோரோபிக்ரின் சிறிதளவு கலப்பதுண்டு. காற்றில் பத்து லட்சத்தில் 5 பங்குக்குக் கீழே இறங்கினால்தான் கதவைத் திறந்து ஆள் உள்ளே போகலாம். சரக்கு இறக்கும் கூலித் தொழிலாளிக்கு இதை யாராவது சொல்கிறார்களா என்று விசாரிப்பது ஏற்றுமதியாளரின் பொறுப்பில் சேர வேண்டும். நடைமுறையில் அந்தக் கேள்வி அபூர்வமாகவே கேட்கப்படுகிறது.

பலர் சறுக்குவது வாயுவில் அல்ல, பாலித்தீனில். அழகாக இருக்கட்டும் என்று சரக்கு அடுக்கிய பாலட் முழுவதையும் பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றிவிட்டால் வாயு உள்ளே புகாது. வெளியே 48 மணி நேரம் 80 கிராம் நின்றாலும் பூச்சி உள்ளே சுகமாக இருக்கும். சுற்றுவதற்கு முன்பே சிகிச்சை முடிய வேண்டும், இல்லையென்றால் தாளைக் கீறியோ துளையிட்டோ வைக்க வேண்டும். கன்டெய்னரை மூச்சு முட்ட அடைப்பதும் இதே தவறுதான். வாயு சுற்றி வர மேலே கொஞ்சம் வெற்றிடம் வேண்டும்.

தானியம் இல்லாத சரக்குக்கும்

பூச்சிக்குத் தின்ன எதுவும் இல்லாத சரக்கும் தப்பாது. கிழக்காசியாவைப் பூர்வீகமாகக் கொண்ட, நாற்றமடிக்கும் நாவாய்ப்பூச்சி ஒன்று அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பரவி, ஆப்பிள் முதல் சோளம் வரை சாறுறிஞ்சுகிறது. குளிர்காலம் நெருங்கினால் அது கூட்டமாக இடுக்குத் தேடும். கார் கதவு, டிராக்டர் என்ஜின், செங்கல் அடுக்கு, எதுவானாலும் சரி. அதனால் ஆண்டுதோறும் செப்டம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, அந்தப் பூச்சி உள்ள நாடுகளிலிருந்து கப்பலேறும் வாகனம், எந்திரம், மரம், ஓடு போன்றவற்றுக்கு ஆஸ்திரேலியா கட்டாயச் சிகிச்சை கேட்கிறது. இதற்குக் கன மீட்டருக்கு 24 கிராம் போதும். மெத்தில் புரோமைடுக்குப் பதில் சல்ஃப்யூரில் ஃபுளோரைடு போடலாம், 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கியும் முடிக்கலாம். பக்கத்து நாடான நியூசிலாந்து இதில் இன்னும் கறார். 2018 பிப்ரவரியில் ஜப்பானிலிருந்து கார் ஏற்றி வந்த கப்பல்களை, இந்தப் பூச்சி இருந்ததற்காக அப்படியே திருப்பி அனுப்பியது.

மர பாலட், மரப்பெட்டி ஆகியவற்றுக்கான உலக விதி தனி. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி, 30 நிமிடம், அல்லது வாயு. முடித்ததற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர்ச் சின்னத்தோடு நாட்டுக் குறியீடு பதிக்க வேண்டும். முத்திரை இல்லாத ஒரே ஒரு முட்டுக்கட்டை, முழுக் கன்டெய்னரையும் நிறுத்திவிடும்.

ஒரு கையில் தடை, மறு கையில் கட்டாயம்

மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தை அரிக்கும் வாயு. மான்ட்ரியல் ஒப்பந்தப்படி வளர்ந்த நாடுகள் 2005-க்குள்ளும் வளரும் நாடுகள் 2015-க்குள்ளும் வயல் பயன்பாட்டை நிறுத்த வேண்டியிருந்தது. ஆனால் துறைமுகத் தனிமைப்படுத்தலுக்கு மட்டும் விலக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் அதையும் விட்டுவிட்டது. ஒரு நாட்டில் போடக்கூடாத வாயுவை இன்னொரு நாடு கட்டாயம் என்கிறது. இந்தியாவும் இதில் சளைத்ததில்லை. 2003-ஆம் ஆண்டின் இந்தியத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை, கனடாவின் பட்டாணிக்கும் மசூருக்கும் ஏற்றுமதிக்கு முன்பே மெத்தில் புரோமைடு கேட்டது. எங்கள் குளிரில் அந்த வாயு வேலை செய்யாது, பூச்சியும் பிழைக்காது என்றது கனடா. விலக்கு பத்தாண்டுக்கு மேல் நீட்டிக்கப்பட்டுக்கொண்டே போனது. சரக்கு இந்தியக் கரைக்கு வந்தபின் வாயு செலுத்தப்பட்டது. பூச்சியைப் பற்றிய விஞ்ஞானம் ஒன்றுதான், பேரம் மட்டும் நாட்டுக்கு நாடு வேறு.

இத்தனைக்கும் பிறகு ஆஸ்திரேலிய அதிகாரி கையில் இருப்பது ஒரு காகிதம்தான். கன்டெய்னர் எண், சரக்கின் விவரம், வாயு அளவு, வெப்பநிலை, நேரம், சிகிச்சை அளித்த நிறுவனத்தின் பதிவெண் அதில் இருக்கும். வாயு போடாமலே சான்றிதழ் கொடுத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். அதனால் வெளிநாட்டுச் சிகிச்சை நிறுவனங்களின் பட்டியலை அந்நாட்டு வேளாண் துறை வெளிப்படையாக வெளியிட்டு, சந்தேகத்துக்குரியவர்களை நிறுத்தி வைக்கிறது. நிறுத்தப்பட்ட நிறுவனத்தின் சான்றிதழோடு வந்த சரக்குக்கு அங்கே மறுபடி சிகிச்சை, அல்லது திருப்பி அனுப்புதல், அல்லது அழிப்பு. செலவு முழுவதும் இறக்குமதி செய்தவர் தலையில். விலை குறைவு என்பதற்காக ஏஜென்ட் சொல்லும் ஆளை ஒப்புக்கொள்வதைப் போல் நஷ்டமான சிக்கனம் இந்தத் தொழிலில் இல்லை.

சென்னையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ ஆஸ்திரேலியாவுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள், பேக்கிங் தொடங்கும் முன்பே அந்தப் பட்டியலில் உங்கள் ஃபியூமிகேஷன் நிறுவனத்தின் பெயர் செல்லுபடியாக இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். வாயு போடும் நாளில் ஒருவரை நேரில் நிற்க வைத்து அளவுப் பதிவேட்டின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் துவரம்பருப்பையும் மிளகாயையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். எல்லாமே அங்குள்ள இந்தியக் கடைகளில், ஃபியூமிகேஷன் முடிந்தே, கிடைக்கிறது.